சிவப்புப் பேனையால் வெட்டிய மூன்று வண்ணத்துப்பூச்சிகள்

2025 ஜூன் 16, திங்கட்கிழமை. சிலாபத்தில் எங்கள் வீட்டில் காலை நாலரைக்கு எழும்பினேன். வாசல் கூட்டி, மல்லிகைக்குத் தண்ணீர் விட்டு, ஐந்தே காலுக்குத் தேங்காய்ச் சம்பல் இடித்தேன். பாண் முதல் நாளையது என்பதால் வாட்டிக்கொண்டேன். 5.50 பஸ் ஏழு நிமிடம் பிந்தி வந்தது. உடப்புப் பக்கம் கரையோரத்தில் இருக்கும் எங்கள் பாடசாலைக்குள் கால் வைக்கும்போது மணி 7.04.

இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள். அவ்வளவுதான் எழுதுவேன். நான் படிப்பிப்பது தரம் இரண்டு. முப்பத்தொரு பிள்ளைகள்.

வகுப்பறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெரியம்மா. அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தகப்பன் தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கியதும் மற்றவர்களோடு சேர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் கரைவலை மீன்பிடிக்குப் போனவர், இனிப் புரட்டாசியில்தான் வருவார். பிள்ளை பெரியம்மா வீட்டில் வளர்கிறாள்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. ஒண்டு கேக்கோணும்."

"சொல்லுங்க."

"வகுப்பில அம்மாமாரைப் பத்தி ஏதும் படிப்பிச்சீங்களா?"

"இல்லையே. இப்ப சுற்றாடல் பாடத்தில வண்ணத்துப்பூச்சிதான் போகுது."

"அதுதான் டீச்சர், அந்தப் பூச்சிதான்!" என்று அவர் கையைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் நாலரைக்குத் தாய் குவைத்திலிருந்து போனில் கோல் எடுப்பார். பிள்ளை நாலு மணிக்கே தலை வாரி, பவுடர் போட்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். போன வெள்ளிக்கிழமை கோல் வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். தாய் கெஞ்சிக் கேட்டு சனிக்கிழமையும் எடுத்தார், ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார். பிள்ளை கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை.

"ஏன்டி கதைக்க மாட்டேங்கிறாய் எண்டு கேட்டா, வராத அம்மாவோட என்னத்தைக் கதைக்கிற எண்டு என்னையே கேக்கிறா. ஆரு சொன்னது வரமாட்டாங்க எண்டு? டீச்சர் சொன்னாங்களாம்."

என் வாயில் முதலில் வந்தது, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பதுதான். சொன்ன சொல் ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருப்பவள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அவர் என்னோடு வாதாடவில்லை. "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கதான். ஆனா அங்க இவட அம்மா மூண்டு நாளா யோசனையில பீங்கான் கோப்பை எல்லாத்தையும் போட்டு உடைக்கிறாவாம். வீட்டுக்கார மடம் ஏசுறாவாம். ஓகஸ்ட்டோட வேலை முடிச்சு வாறதாத்தான் இருந்தவ. இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி மடம் கேட்டிருக்கிறா. என்ட பிள்ளைக்கே நான் வேணாம், நான் வந்து என்னத்துக்கு, ஓம் எண்டு சொல்லப்போறன் எண்டு அழுறா. இண்டைக்கு ராவைக்கு மறுமொழி சொல்லோணுமாம். அதுக்கு முதல் நாலரைக்கு ஒருக்கா கோல் எடுக்கிறாவாம்."

பெரியம்மா போன பிறகு அலுமாரியைத் திறந்து அந்தப் பிள்ளையின் கொப்பியை எடுத்தேன். வியாழக்கிழமை செய்த வேலை. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நாலு படங்களை வட்டமாக வரைந்து அம்புக்குறி போடவேண்டும். என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருந்த வரி இது: "வாழ்க்கை வட்டப் படம். வருகை 29. சரி 24. திருத்தம் 5."

அந்த ஐந்து பேரில் இவள் ஒருத்தி. நாலு படங்களையும் சரியான ஒழுங்கில்தான் வரைந்திருந்தாள். ஆனால் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, புழுவுக்குப் பக்கத்தில் ஒன்று, கூட்டுப்புழுவுக்குப் பக்கத்தில் ஒன்று. மூன்றும் செட்டையைக் குடைபோல விரித்துக்கொண்டு நின்றன. மூன்றுக்கும் நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள்.

நான் மூன்றையும் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிட்டு வெட்டியிருந்தேன். கீழே என் உருண்டை எழுத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "தாய் முட்டையிட்டுப் போய்விடும். திரும்பி வராது." எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அதை வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பிறகு வரவுப் பதிவேட்டின் பின் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் பெற்றோர் விவரம் இருக்கும். அவளுடைய வரியில் "தாய் – வெளிநாடு" என்று இருந்தது. அதுவும் என் எழுத்துத்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு இடமில்லை.

ஏழரைக்கு மணி அடித்து, காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வழமைபோல எல்லோரும் மேசைமேல் இருந்த போத்தலைச் சுற்றி நின்றார்கள். நுளம்பு வலைத் துணி கட்டிய பெரிய இனிப்புப் போத்தல் அது. உள்ளே எருக்கலை இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்ட மூன்று புழுக்கள்.

"டீச்சர், புழு பீ போட்டிருக்கு!"

"நேத்து போட்டது அது. இண்டைக்குப் போட்டது இங்கால."

"சீ, நீ என்ன எண்ணிக்கொண்டா இருக்கிறாய்?"

அந்தப் பிள்ளை மட்டும் தன் கதிரையில் இருந்தாள். இரண்டு பின்னல், கறுப்பு ரிபன். கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் திகதியைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

முதல் பாடம் முடிந்ததும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். நேரே சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"மகள், அம்மா ஓகஸ்ட்ல வருவாங்க. பெரியம்மா சொன்னாங்க."

"நீங்கதானே வராதெண்டு எழுதினீங்க."

"அது வண்ணத்துப்பூச்சி, மகள். மனுசர் வேற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உசிருள்ளதெல்லாம் எங்களைப் போலத்தான் எண்டு அண்டைக்குச் சொன்னீங்க. சாப்பிடும், வளரும், குட்டி போடும் எண்டு."

சொன்னேன்தான். இரண்டு கிழமைக்கு முதல், அதே சுற்றாடல் பாடத்தில். அதையும் எல்லோரும் மூன்று தடவை சேர்ந்து சொல்லவைத்தேன். ஏழு வயதுப் பிள்ளை என் இரண்டு பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். படிப்பித்தவள் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. "போய் இருங்க மகள்" என்று அனுப்பிவிட்டேன். அன்று கணிதத்தில் எழுபத்திரண்டிலிருந்து பதினெட்டைக் கழித்து அறுபத்து நாலு என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

இடைவேளை 10.20க்கு. புழுக்களுக்குப் புது இலை கொண்டுவர ஒவ்வொரு நாளும் ஒருவரை அழைத்துப்போவேன். யாருக்கு எந்த நாள் என்று பதிவேட்டின் வரிசைப்படி பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அன்று அவளுடைய முறை. வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளே வந்து வாசலில் நின்றாள்.

பாடசாலையின் பின் மதிலோரம், கடல் பக்கம், எருக்கலை நிறைய நிற்கிறது. காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்ததால் மதிலின் உள்பக்கம் ஒதுங்கிப் போனோம். "எருக்கலைப் பால் கையில படக்கூடாது, கண்ணைத் தொடக்கூடாது" என்று வழமையாகச் சொல்வதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் இலையைக் கிள்ளக் குனிந்தபோது என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு வண்ணத்துப்பூச்சி வந்திருந்தது. செம்மஞ்சள் செட்டை, நுனியில் கறுப்பும் வெள்ளையும். எங்கள் புழுக்கள் வளர்ந்தால் அப்படித்தான் வரும். காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோனது. அது திரும்ப வந்தது. மதிலோரம் படர்ந்திருந்த அடப்பங்கொடி இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்த்துவிட்டு எழும்பியது. பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று. அதிலும் தட்டிப் பார்த்தது. பிறகு எருக்கலைக்கு வந்தது. வந்தும் பழுத்த இலையில் உட்கார்ந்து எழும்பியது, பூச்சி அரித்த இலையில் உட்கார்ந்து எழும்பியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு இலை. எட்டாவது ஒரு இளம் இலை. அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வயிற்றை வளைத்து இலையின் அடிப்பக்கத்தில் தொட்டது. காற்றில் இலையோடு சேர்ந்து அதுவும் ஆடியது. ஆனாலும் விடவில்லை. பிறகு பறந்தது.

இருபத்திரண்டு வருடமாக வாழ்க்கை வட்டம் படிப்பிக்கிறேன். முட்டை இடுவதைக் கண்ணால் கண்டது அன்றுதான். என் பாட அட்டைப் படத்தில் முட்டை எப்போதும் இலையில் ஏற்கனவே இருக்கும்.

"என்ன டீச்சர் செஞ்சது?"

"காலால ருசி பார்த்தது. அதுக்குக் காலிலதான் ருசி தெரியும்."

"பசியா அதுக்கு?"

"இல்ல மகள். அது இலை தின்னாது, பூவில தேன்தான் குடிக்கும். புழு வந்தா இந்த இலையைத்தான் தின்னும். வேற இலையில விட்டா பட்டினியாப் போகும். அதுதான் பார்த்துப் பார்த்து வைக்குது."

நாங்கள் இலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். ஊசித் தலையை விடச் சிறிதாக, வெள்ளையாக ஒரு முட்டை. அவள் மூக்கு இலையில் படும் அளவுக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு, இலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா முதல்ல என்னை மாமி வீட்டிலதான் விட்டாங்க. நான் சோறு திங்கல்ல."

எனக்கு இது தெரியாது. பதிவேட்டில் இல்லை.

"பிறகு?"

"பிறகு அம்மா பிளேன் ஏறாம திரும்பி வந்தாங்க. சின்னம்மா வீட்டில ரெண்டு நாள் விட்டாங்க. அங்க நாய் கடிக்க வந்திச்சு. பிறகுதான் பெரியம்மா வீடு. பெரியம்மா வீட்டில நான் சாப்பிட்டன். அதைப் பார்த்துட்டுத்தான் போனாங்க."

ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். ஆனால் காலையில் சொன்னது போதும் என்று இலையை மெல்லப் பழையபடி விட்டேன்.

அவள் நிமிர்ந்து மதிலுக்கு மேலே பார்த்தாள். "ஆனா அது போயிட்டுது, என்ன?"

"ஓம். போயிட்டுது."

"வராது."

"வராது மகள். நான் பொய் சொல்லமாட்டன். ஆனா அது கோல் எடுக்கவும் மாட்டாது. உங்கட அம்மா மூண்டு நாளா எடுத்துக்கொண்டே இருக்கிறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் தெரியாத டீச்சரைப் பார்ப்பதுபோல. "அதுட்ட போன் இல்லத்தானே டீச்சர்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் வகுப்புக்குத் திரும்பும்போது இலைகளை அவளே ஏந்திக்கொண்டு வந்தாள்.

பாடசாலை விட்டதும் நான் வழமையாகப் பிடிக்கும் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ தந்தார்கள். நாலு மணிக்குப் பிள்ளை தலை வாரவில்லை, பவுடரும் போடவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பெருவிரலால் மணலில் கோடு கீறிக்கொண்டு நின்றாள். பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாலு முப்பத்திரண்டுக்கு கோல் வந்தது. பெரியம்மா போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் ஒரு பெண்ணின் முகம், தலையில் துண்டு, கண் வீங்கியிருந்தது. பின்னால் அடுப்பும் பாத்திரமுமாக ஒரு குசினி. அங்கே அப்போது பகல் இரண்டு மணி, வீட்டார் படுத்திருக்கும் நேரம் என்பதால் ரகசியம்போலப் பேசினார்.

"எங்க அவ? இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழயா?"

பிள்ளை மணலில் கோடு கீறுவதை நிறுத்தவில்லை. "சரி அக்கா" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "நான் மடத்திட்ட ஓம் எண்டே..."

"அம்மா."

போனில் அந்த முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா, நீங்க ஏன் என்னை மாமி வீட்டில இருந்து எடுத்தீங்க?"

"என்னடி இது கேள்வி? நீ சோறு திங்கல்ல. கோழிக்குஞ்சு மாதிரி மெலிஞ்சு போனாய். உன்னை அங்க விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"அதுதான்" என்றாள் பிள்ளை. அவளுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்ததுபோல. பிறகு போய்ப் பெரியம்மாவின் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். "அம்மா, இண்டைக்கு நானும் டீச்சரும் ஒரு பூச்சி பார்த்தம். அதுக்குக் காலிலதான் ருசி. உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நான் சொல்லுறன் கேளுங்க..."

பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். என் பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. பத்தொன்பது நிமிடம் பேசினாள். பூச்சி, புழுவின் பீ, தன் பல் ஆடுவது, சின்னம்மா வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம். நடுவில் தாய் கேட்டார், "நான் ஓகஸ்ட்ல வரட்டா?" பிள்ளை தன் கதையை நிறுத்தாமலே, "வாங்கதானே, பின்ன" என்று சொல்லிவிட்டு நாய்க்குட்டிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள். அந்தத் தாய் அவசரமாகத் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "டீச்சர், என்ட பிள்ளை படிக்கிறாவா?" என்று கேட்டார். பெரியம்மா தங்கையிடம் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நல்லாப் படிக்கிறா. நான்தான் ஒரு பாடத்தைப் பிழையாப் படிப்பிச்சுப்போட்டன். அதாலதான் இவ்வளவும்."

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளக்கமாகச் சொல்லப் போவதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டார்கள். முகம் மறைந்துவிட்டது.

மறுநாள், 17ஆம் திகதி காலை, வகுப்பில் நான் முதலில் வரவு எடுக்கவில்லை. பிள்ளைகளை இருத்திவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "பிள்ளையள், வியாழக்கிழமை தாய் வண்ணத்துப்பூச்சியைப் பத்தி ஒரு பெரிய விசயத்தை நான் சொல்லாம விட்டுட்டன். கண்ணால காணாததால விட்டுட்டன். அது டீச்சரின்ட பிழை. இண்டைக்குச் சொல்லப்போறன்." டீச்சர்மார் இப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி வந்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல டீச்சர். அண்டைக்கு நீங்க சொன்னதை நாங்க எல்லாரும் மறந்துட்டம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மைதான், மற்றவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். நான் சொல்வதை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு பிள்ளை எந்தக் கதிரையில் இருக்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் முன்கூட்டித் தெரியப்போவதில்லை; ஆகவே இப்போதெல்லாம் முப்பத்தொரு பேரும் அவள்தான் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறக்கிறேன்.